பொம்மிக்குக் கீமோ கொடுக்கலாமா?

வாயில்லா ஜீவன்: வாசகர் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவரின் பதில்

கேள்வி: டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். நாங்கள் வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கிறோம். எங்கள் லேப்ரடார் பொம்மிக்கு ஏழு வயது, முப்பது கிலோ இருக்கிறாள். போகி அன்று குளிப்பாட்டிவிட்டுக் கழுத்து பெல்டை மாட்டினேன். வழக்கமான ஓட்டையில் ஏறவில்லை. குண்டாகிவிட்டாள் என்று நினைத்து ஒரு ஓட்டை தள்ளி மாட்டினேன். பத்தே நாளில் அதுவும் இறுக்கமாகிவிட்டது. தடவிப் பார்த்தால் தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும் எலுமிச்சம்பழம் மாதிரி கட்டி. பின்னங்கால் முட்டிக்குப் பின்னாலும் இருக்கிறது. டாக்டர் ஊசி குத்தி எடுத்து, ஸ்லைடை லேபுக்கு அனுப்பினார். ‘லிம்போமா’ என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. புற்றுநோயாம்.

சென்னைக்குப் போய்க் கீமோ கொடுக்கலாம், செலவாகும். இல்லையென்றால் இந்த மாத்திரையைக் கொடுங்கள், இருக்கிறவரை இருக்கட்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பிரட்னிசலோன் அட்டையை வாங்கி வந்து பீரோவில் வைத்திருக்கிறேன். இன்னும் ஒன்றுகூடக் கொடுக்கவில்லை. கை வரவில்லை.

என் கணவர் ராணிப்பேட்டையில் தோல் கம்பெனியில் சூப்பர்வைசர். நகையை வைத்தாவது பார்க்கலாம் என்கிறார். என் மாமனாருக்குப் போன வருடம் கீமோ கொடுத்தோம். அவர் பட்ட பாட்டை நாங்கள் கண்ணால் பார்த்தவர்கள். முடி கொட்டி, வாந்தி எடுத்து, கடைசியில் ஒரு வாய் கஞ்சி இறங்கவில்லை. அந்தச் சித்திரவதையை இந்தப் பிராணிக்கும் கொடுக்க வேண்டுமா? ‘நாய்க்குப் போய் கீமோவா, ஊர் சிரிக்கும்’ என்கிறார் மாமியார். சுடுகாட்டு மல்லி இலையில் கஷாயம் வைத்துக் கொடுத்தால் கட்டி கரையும் என்று அவர் தங்கை சொல்கிறார். மகளுக்கு மார்ச்சில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு. அவளிடம் வெறும் காய்ச்சல் என்றுதான் சொல்லி வைத்திருக்கிறோம். பொம்மி இன்னும் நன்றாகச் சாப்பிடுகிறாள். கேட் சத்தம் கேட்டால் ஓடுகிறாள். நான் அவளுக்குப் போட்ட சாப்பாட்டில்தான் ஏதாவது தப்பா? என்ன செய்யட்டும், சொல்லுங்கள்.

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, வேலூர்

பதில்: அம்மா, உங்கள் கடிதம் கையில் கிடைத்த அன்றே உங்களுக்குப் போன் செய்து பேசினேன். இந்த நோய்க்குப் பத்திரிகை அச்சாகி வரும்வரை காத்திருக்கும் பொறுமை கிடையாது. அன்று அவசரத்தில் சொன்னதை இங்கே நிதானமாக எழுதுகிறேன். இதே கட்டியைத் தடவிப் பார்த்துவிட்டுத் தூங்காமல் கிடக்கிறவர்கள் வேறு வீடுகளிலும் இருப்பார்கள்.

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உங்கள் சாப்பாட்டில் ஒரு தப்பும் இல்லை. தயிர்சாதம் போட்டதாலோ, கோழிக்கால் போட்டதாலோ, தடுப்பூசி ஒரு மாதம் தள்ளிப்போனதாலோ லிம்போமா வருவதில்லை. ரத்தத்திலும், நெறி என்று நாம் சொல்கிற நிணநீர்க் கணுக்களிலும் இருக்கிற ஒருவகை வெள்ளை அணு கட்டுப்பாடு இழந்து பெருகுவதுதான் இந்த நோய். நாய்களுக்கு அடிக்கடி வருகிற புற்றுநோய்களில் இதுவும் ஒன்று. பாக்ஸர், கோல்டன் ரெட்ரீவர் போன்ற சில இனங்களில் கூடுதலாகப் பார்க்கிறோம், அதனால் பரம்பரைக்கு இதில் பங்கு உண்டு. முப்பத்தி இரண்டு வருடம் குடியாத்தம், அணைக்கட்டு, ஆற்காடு என்று மருந்தகம் மருந்தகமாக வேலை பார்த்தவள் நான். கட்டியோடு நாயைக் கொண்டுவந்த ஒருவர்கூட என்னிடம் இந்தக் கேள்வியைக் கேட்காமல் போனதில்லை. அன்றைக்குச் சொன்ன பதில்தான் உங்களுக்கும்.

அடுத்தது, பீரோவில் இருக்கிற அந்த மாத்திரை அட்டை. அது அங்கேயே இருக்கட்டும். கை வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களை அறியாமலே சரியானதைச் செய்திருக்கிறீர்கள்.

காரணம் சொல்கிறேன். பிரட்னிசலோன் ஒரு ஸ்டீராய்டு மாத்திரை. கெட்ட மருந்து அல்ல. லிம்போமா அணுக்களை அது உண்மையாகவே கொல்லும். நாலைந்து நாளில் கட்டி வெண்ணெய் மாதிரி கரையும், நாய் துள்ளிக்கொண்டு சாப்பிடும், வீடே நிம்மதியாகும். ஆனால் சாகாமல் தப்பித்த அணுக்கள் மருந்தை வெளியே தள்ளும் வித்தையைப் பழகிக்கொள்கின்றன. அப்புறம் கீமோ கொடுத்தால் அந்த மருந்தையும் அதே வழியில் தள்ளிவிடும். அதனால் முதலில் தனி மாத்திரை, பிறகு மனம் மாறிக் கீமோ என்ற வரிசை மட்டும் கூடாது. மாத்திரை மட்டும் போதும் என்று முடிவெடுத்தால் அன்றைக்கே தொடங்கலாம். முடிவெடுக்கும்வரை தொடக்கூடாது. இந்த வாரம் நீங்கள் எடுக்கவேண்டிய முடிவு இது ஒன்றுதான். மற்றவற்றுக்குச் சில நாள் இருக்கிறது.

இதை நான் புத்தகத்தில் படித்தேன். ஆனால் மனதில் பதிந்தது என் வீட்டில்தான். ஆற்காட்டில் வேலை பார்த்தபோது வீரா என்று ஒரு நாய் வைத்திருந்தேன், நாட்டு நாயும் அல்சேஷனும் கலந்தது. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அவன் கழுத்தில் நெறி கட்டியிருப்பதைப் பார்த்தேன். மூச்சுவிடச் சிரமப்பட்டான். பதற்றத்தில் ஸ்லைடு எடுக்காமல், பையில் இருந்த ஸ்டீராய்டைக் கொடுத்துவிட்டேன். திங்கட்கிழமை கட்டியைத் தேடினால் கிடைக்கவில்லை. அவ்வளவு சந்தோஷப்பட்டேன். புதன்கிழமை ஊசி குத்தி எடுத்த ஸ்லைடில் எதுவும் தெளிவாக இல்லை. ஐந்தாவது வாரம் கட்டி திரும்பி வந்தது. அப்போதுதான் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். வின்கிரிஸ்டின் என்ற கீமோ ஊசி போட்டார்கள். பாதிகூடக் கரையவில்லை. முதல் கட்டியைப் பார்த்த நாளிலிருந்து பதினோரு வாரம்தான் இருந்தான். மருத்துவரான நானே செய்த தவறு அது. அந்தச் சனிக்கிழமை இன்னும் என் நெஞ்சில் இருக்கிறது. அதனால்தான் உங்கள் கடிதத்தில் ‘ஒன்றுகூடக் கொடுக்கவில்லை’ என்ற வரியைப் படித்ததும் போனை எடுத்தேன்.

சரி, இப்போது பரிசோதனை. ஊசி குத்தி எடுத்த ஸ்லைடு பெரும்பாலும் பொய் சொல்லாது. ஆனாலும் நம் பக்கத்தில் உண்ணி அதிகம். உண்ணிக் காய்ச்சல் வந்த நாய்க்கும் உடம்பெல்லாம் நெறி கட்டும், காய்ச்சல் அடிக்கும், மூக்கில் ரத்தம்கூட வரும். எர்லிச்சியா என்ற அந்தக் கிருமிக்கு டாக்ஸிசைக்ளின் மாத்திரை இருக்கிறது, நேரத்தில் கொடுத்தால் பெரும்பாலும் குணமாகிவிடும். சில நாய்களுக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும். ரத்தம் எடுக்கும்போது அதையும் பார்த்துவிடச் சொல்லுங்கள்.

அந்த ரத்தத்திலேயே அணுக்களின் எண்ணிக்கை, கல்லீரல், சிறுநீரகம், முக்கியமாகக் கால்சியம் பார்க்க வேண்டும். லிம்போமாவில் பி வகை, டி வகை என்று இரண்டு உண்டு. பி வகை மருந்துக்கு நன்றாக இணங்கும். டி வகை பொதுவாக அவ்வளவு இணங்காது, சீக்கிரம் திரும்பிவிடும். டி வகையில் கால்சியம் ஏறுவது அதிகம். கால்சியம் ஏறினால் நாய் தண்ணீராகக் குடிக்கும், ஒன்றுக்குப் போய்க்கொண்டே இருக்கும், சிறுநீரகம் கெடும். பொம்மி எவ்வளவு தண்ணீர் குடிக்கிறாள் என்று நீங்கள் எழுதவில்லை. நாளைக் காலை ஒரு வாளியில் நான்கு லிட்டர் அளந்து ஊற்றுங்கள். வேறு எங்கும் குடிக்க விடாதீர்கள். மறுநாள் அதே நேரத்துக்கு மீதியை அளந்து பாருங்கள். முப்பது கிலோ நாய் ஒரு நாளில் மூன்று லிட்டருக்கு மேல் குடித்தால் அது சாதாரணம் அல்ல. செலவில்லாத இந்தப் பரிசோதனையின் விவரத்தை எழுதி எடுத்துக்கொண்டு போனால் எந்த டாக்டரும் மதித்துக் கேட்பார்.

எங்கே போவது? சென்னை வேப்பேரியில் 1903 முதல் இருக்கிற கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைதான் என் முதல் சிபாரிசு. அங்கே படித்தவள் என்பதற்காகச் சொல்லவில்லை. இந்த மருந்துகளைக் கொடுத்துப் பழகிய கை முக்கியம். கீமோ மருந்தில் சிலது ரத்த நரம்புக்கு வெளியே ஒரு சொட்டுக் கசிந்தாலும் அந்த இடத்துச் சதை வெந்து அழுகிவிடும். ‘நானும் போடுகிறேன்’ என்று யார் சொன்னாலும், இதற்கு முன் எத்தனை நாய்க்குப் போட்டிருக்கிறீர்கள் என்று தயங்காமல் கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. ‘நம்ம ஊரிலேயே இவ்வளவு பெரிய சிஎம்சி இருக்கே, அங்கே பொம்மியைப் பார்க்க மாட்டாங்களா’ என்று உங்கள் மகள் எப்போதோ கேட்டதாகப் போனில் சொன்னீர்கள். நாடு முழுக்க இருந்து காட்பாடியில் வந்து இறங்குகிறார்களே, குழந்தைக்குத் தோன்றாமல் இருக்குமா. ஆனால் அது மனிதர்களுக்கான ஆஸ்பத்திரி. உங்கள் கணவர் போனில் கேட்ட ராணிப்பேட்டை கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் 1932 முதல் கால்நடைகளுக்குத் தடுப்பூசி தயாரிக்கும் இடம். கீமோவுக்கு அங்கே போக முடியாது.

இனி, மாமனார் பட்ட பாடு. உங்கள் வீட்டில் பேச்சு ஓடாமல் நிற்பது அங்கேதான் என்று நினைக்கிறேன். மனிதனுக்குக் கீமோ கொடுக்கும்போது நோயை அடியோடு அழித்து, இன்னும் பல வருடம் வாழவைக்கப் பார்க்கிறார்கள். அதற்காக உடம்பு தாங்குகிற எல்லை வரைக்கும் மருந்தைக் கூட்டுவார்கள். நாய்க்கு அப்படி இல்லை. இருக்கிற மாதங்களை நாய் நாயாக இருந்து கழிக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். அதற்குத் தகுந்த குறைந்த அளவில்தான் மருந்து கொடுப்பார்கள். பெரும்பாலான நாய்களுக்கு ஒன்றிரண்டு நாள் சோர்வு, கொஞ்சம் வாந்தி அல்லது பேதி, அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் சேர்க்கும் அளவுக்கு மோசமாவது ஒரு சில நாய்கள்தான். லேப்ரடாருக்கு முடி கொட்டுவதும் பெரிதாக இருக்காது. மீசை உதிரலாம். ஊசி போடச் சிரைத்த இடத்தில் முடி மெதுவாக வளரும். பூடில் மாதிரி முடி வளர்ந்துகொண்டே இருக்கிற இனங்களுக்குத்தான் அதிகம் கொட்டும். மாமனாரின் படுக்கையை மனதில் வைத்துப் பொம்மிக்கு வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். வேண்டாம் என்று சொல்ல வேறு நியாயமான காரணங்கள் இருக்கின்றன. அவற்றைப் பார்த்துச் சொல்லுங்கள்.

வழிகளைச் சொல்கிறேன். ஒன்றுமே செய்யாவிட்டால் பெரும்பாலான நாய்கள் நான்கிலிருந்து ஆறு வாரம் இருக்கும். பிரட்னிசலோன் மட்டும் என்றால் ஒன்றிரண்டு மாதம், சிலது மூன்று மாதம். நான்கு மருந்துகளை மாற்றி மாற்றிக் கொடுக்கும் முழுச் சிகிச்சை ஒன்று இருக்கிறது. முதலில் வாரா வாரம், பிறகு இடைவெளி விட்டு, ஐந்தாறு மாதம் ஓடும். பிரட்னிசலோனும் அந்த நான்கில் ஒன்றாகச் சேர்ந்தே வரும், அதில் தவறில்லை. பத்து நாய்களில் எட்டு ஒன்பதுக்குக் கட்டி முழுக்கவோ பெருமளவோ கரையும். பி வகையாக இருந்தால் ஏறத்தாழ ஒரு வருடம் எதிர்பார்க்கலாம். இரண்டு வருடம் தாண்டுகிற நாய்களும் உண்டு, அவை குறைவு. நிரந்தரமாகக் குணமாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கட்டி மறையும், ஆனால் கிட்டத்தட்ட எல்லா நாய்க்கும் ஒருநாள் திரும்பி வரும்.

இவற்றுக்கு நடுவில் இன்னொரு வழி இருக்கிறது, இதைப் பலர் சொல்வதே இல்லை. டாக்ஸோரூபிசின் என்ற ஒரே மருந்தை மூன்று வாரத்துக்கு ஒருமுறை, மொத்தம் ஐந்து முறை கொடுப்பது. சிவப்பு மருந்து என்பார்கள், பார்க்க ரோஸ்மில்க் எசன்ஸ் மாதிரி இருக்கும். இதற்கு இணங்குகிற நாய்கள் பொதுவாக ஆறிலிருந்து எட்டு மாதம் இருக்கின்றன. இதயத்தைப் பாதிக்கக்கூடிய மருந்து என்பதால் முன்னாலேயே எக்கோ என்கிற இதய ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள். வாழ்நாளில் இவ்வளவுதான் கொடுக்கலாம் என்று அளவும் உண்டு. வேலூரிலிருந்து போய்வருகிறவர்களுக்கு இதில் ஒரு பெரிய சௌகரியம் இருக்கிறது. பதினைந்துக்கும் மேற்பட்ட பயணம் ஐந்தாகக் குறைகிறது.

பயணத்தைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். போக 140 கிலோமீட்டர், வர 140. ரயிலில் நாயை ஏசி முதல் வகுப்பில் கூப்பே என்கிற தனி அறையை முழுசாக எடுத்தால்தான் கூட வைத்துக்கொள்ள விடுவார்கள், இல்லையென்றால் கார்டு வண்டியில் இருக்கிற பெட்டிக்குள் அடைக்க வேண்டும். சீக்கு நாயை அதில் அனுப்பாதீர்கள். வாடகைக் கார்தான். விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பி, வெயில் ஏறுவதற்குள் போய்விட வேண்டும். மார்ச்சுக்கு மேல் நம் ஊர் வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஈரத்துண்டும் தண்ணீர்க் கிண்ணமும் காரிலேயே இருக்கட்டும்.

பணத்தைப் பற்றி வெட்கப்படாமல் பேசுங்கள். முதல் நாளே, மருந்து, ஒவ்வொரு முறையும் எடுக்கிற ரத்தப் பரிசோதனை, எக்கோ எல்லாம் சேர்த்து எவ்வளவு ஆகும் என்று ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். கார் வாடகையையும் அதில் நீங்களே சேர்த்துக்கொள்ளுங்கள். அரசுக் கல்லூரி மருத்துவமனையில் தனியாரைவிடக் குறைவாகத்தான் ஆகும், ஆனாலும் சும்மா ஆகாது. உங்கள் கணவர் நல்ல மனிதர். நகையை வைக்கிறேன் என்று சொல்ல மனசு வேண்டும். ஆனால், அம்மா, நகையை வைக்க வேண்டாம். பத்தாவது முடித்து மேலே படிக்கப் போகிற பெண் வீட்டில் இருக்கிறாள். கடன் வாங்கிக் கொடுக்கிற கீமோவில் ஒரு கெடுதல் உண்டு. நாய்க்கு ஒத்துவரவில்லை என்று தெரிந்த பிறகும், ‘இவ்வளவு போட்டாச்சே’ என்று நிறுத்த மனம் வராது. அந்த நிலைமையில் நாய் படுகிற பாட்டை நான் பார்த்திருக்கிறேன்.

என்னைக் கேட்டால் இப்படிச் செய்வேன். முதலில் ஒரே ஒரு முறை வேப்பேரி போய் எல்லாப் பரிசோதனையும் எடுப்பேன். கால்சியம் சரியாக இருந்து, பி வகை என்று வந்தால், கையில் இருக்கிற சேமிப்பு தாங்குமென்றால், ஐந்து முறை சிவப்பு மருந்து. முதல் இரண்டு முறையிலேயே கட்டி கரைகிறதா என்று தெரிந்துவிடும். கரையவில்லையென்றால் அங்கேயே நிறுத்திவிட்டு மாத்திரைக்கு மாறுவேன். தொடங்கிவிட்டோம் என்பதற்காக முடிக்க வேண்டும் என்ற கட்டாயம் இதில் கிடையாது. டி வகையாக, கால்சியமும் ஏறியிருந்தால், அதற்கு வேண்டியதை மட்டும் செய்துகொண்டு, அன்று சாயங்காலமே பீரோவைத் திறந்து அந்த அட்டையை எடுப்பேன். மாத்திரையோடு நாயை வீட்டில் வைத்துக்கொள்வதும் சிகிச்சைதான். கைவிட்டுவிட்டதாக யாரும் உங்களைச் சொல்ல முடியாது.

உங்கள் மாமியாரின் தங்கை சொன்ன சுடுகாட்டு மல்லிக்கு வருகிறேன். அவரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள், காற்றில் வந்த பேச்சு அல்ல அது. சுடுகாட்டு மல்லி என்றாலும் நித்யகல்யாணி என்றாலும் ஒன்றுதான். வின்கிரிஸ்டின் என்ற கீமோ மருந்து அந்தச் செடியிலிருந்துதான் வருகிறது. நம் தமிழ்நாட்டிலேயே வயலில் பயிரிட்டு, காயவைத்து மருந்துக்கு அனுப்புகிறார்கள். ஆனால் ஒரு கிராம் மருந்து கிடைக்க நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும். இலையில் இருக்கிற மற்ற நச்சுகளையெல்லாம் பிரித்து எடுத்துவிட்டுத்தான் நரம்பில் ஏற்றுகிறார்கள். கஷாயம் வைத்தால் மருந்து போதாது, விஷம் மட்டும் வயிற்றுக்குள் போகும். வாந்தியும் பேதியுமாக நாய் சுருண்டுவிடும். தயவுசெய்து வேண்டாம்.

அதே வின்கிரிஸ்டினைப் பற்றி ஒன்று சொல்லாமல் போக முடியவில்லை. குடியாத்தத்தில் இருந்தபோது கைத்தறி நெசவாளர் ஒருவர் தெருநாய் ஒன்றைக் கொண்டுவந்தார். பிறப்புறுப்பில் காலிஃபிளவர் மாதிரி கட்டி, ரத்தம் சொட்டிக்கொண்டே இருந்தது. நாய்க்கு நாய் இணைசேரும்போது தொற்றுகிற புற்றுநோய் அது, நம் தெருநாய்களில் சாதாரணமாகப் பார்க்கலாம். வாரம் ஒரு ஊசி. சைக்கிள் பின்னால் பழக்கூடையைக் கட்டி அதில் உட்காரவைத்து, தறிக்கு விடுமுறை விடுகிற நாளாகப் பார்த்து வருவார். ஐந்தாவது வாரம் கட்டி இருந்த இடம் தெரியவில்லை. அந்த நாய் அதற்கப்புறம் பல வருடம் அவர் தறிக்குழிப் பக்கத்திலேயே படுத்துக் கிடந்தது. நாய்க்கு ஊசியா என்று அந்தத் தெருவும் முதலில் சிரித்ததுதான். உங்கள் மாமியாரிடம் இதைச் சொல்லுங்கள். கணவரைப் பறிகொடுத்து ஒரு வருடம்கூட ஆகாதவர் அவர். ஊர் சிரிக்கும் என்று அவர் சொல்வதற்குள், இன்னொரு முறை இதைப் பார்க்க முடியாது என்ற வலி இருக்கலாம். அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, நாய்க்கு மருந்தின் அளவே வேறு என்பதை முதலில் அவருக்குச் சொல்லிப் பாருங்கள்.

கீமோ தொடங்கினால் வீட்டில் செய்யவேண்டியவை சில. ஊசி போட்ட இரண்டு மூன்று நாள், பொம்மியின் மூத்திரம், மலம், வாந்தி எதையும் வெறும் கையால் தொடாதீர்கள். கையுறை போட்டு அள்ளி, அந்த இடத்தில் தண்ணீரை நிறைய ஊற்றிக் கழுவிவிடுங்கள். கர்ப்பிணிகளும் சின்னக் குழந்தைகளும் அந்தப் பக்கம் வரவேண்டாம். ஊசி போட்ட ஏழாவது நாளிலிருந்து பத்தாவது நாள்வரை வெள்ளை அணுக்கள் குறைந்து கிடக்கும், கிருமி சுலபமாகத் தொற்றும். அப்போது சாப்பிடாமல் சுருண்டு படுத்தால், ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். 103 டிகிரிக்கு மேல் போனால் இரவானாலும் டாக்டரைக் கூப்பிடுங்கள். குரோசினோ, புருஃபெனோ, நம் வீட்டு மாத்திரை எதையும் கொடுக்காதீர்கள், நாய்க்கு அது ஆபத்து. பிரட்னிசலோன் சாப்பிடுகிற நாய்க்கு வலி மாத்திரையும் சேர்ந்தால் வயிற்றில் புண்ணாகி ரத்தம் கசியும். பிரட்னிசலோனைத் திடீரென்று நிறுத்தவும் கூடாது. அந்த மாத்திரையில் பசியும் தாகமும் கூடும், ராத்திரி ஒருமுறை எழுந்து வெளியே விடவேண்டி வரும். அதற்காகத் திட்டாதீர்கள், பாவம், அவளால் அடக்க முடியாது. சாப்பாடு வழக்கம்போல வேகவைத்த கோழி, முட்டை, தயிர்சாதம். பச்சைக்கறி மட்டும் வேண்டாம், வெங்காயம் எப்போதுமே வேண்டாம்.

மகளிடம் சொல்லுங்கள். தேர்வு முடியட்டும் என்று தள்ளாதீர்கள். பதினைந்து வயதுப் பெண்ணுக்கு அம்மா அழுத கண்ணும், அப்பா தாழ்ந்த குரலில் பேசுவதும் தெரியாதா? காய்ச்சல் என்று நீங்கள் சொன்னதை அவள் நம்பவில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். தேர்வுக்கு நடுவில் பொம்மிக்கு ஏதாவது ஆகி, தனக்குச் சொல்லவே இல்லை என்று தெரிந்தால், அந்தக் கோபம் லேசில் ஆறாது. அவளுக்கு ஒரு வேலை கொடுங்கள். தேதி கிழிக்கிற காலண்டரில் ஒவ்வொரு தாளையும் கிழித்துப் போடாமல் வைத்துக்கொள்ளட்டும். பொம்மிக்கு ரொம்பப் பிடித்த மூன்று விஷயங்களை எழுதிக்கொள்ளட்டும். கேட் சத்தத்துக்கு ஓடுவது என்று நீங்களே ஒன்றை எழுதிவிட்டீர்கள், மீதி இரண்டை அவளைக் கேளுங்கள். அன்றைக்குப் பொம்மி மூன்றில் இரண்டையாவது செய்தாளென்றால் அந்தத் தாளின் பின்னால் ஒரு டிக், இல்லையென்றால் ஒரு பெருக்கல் குறி. கூடவே இருக்கிறவர்கள் கண்ணுக்கு நாய் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்வது தெரியவே தெரியாது. தாள் காட்டிக் கொடுத்துவிடும்.

ஒரு வாரத்தில் பெருக்கல் குறி அதிகமாகிவிட்டால், மாத்திரையும் கேட்கவில்லை என்றால், மூச்சு வாங்குகிறது, தண்ணீர்கூட இறங்கவில்லை என்றால், உங்கள் டாக்டரை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். நீங்கள் எழுதாமல் விட்ட கேள்வி இது. போன் பேசி முடிக்கிற நேரத்தில், குரல் அடைத்துக்கொண்டு கேட்டீர்கள்: வலிக்குமா? வலிக்காது. முதலில் ஒரு மயக்க ஊசி, அவள் உங்கள் மடியில் தூங்கிவிடுவாள். நன்றாக மயங்கிய பிறகு நரம்பில் இன்னொரு மருந்து. சில நிமிடத்தில் முடிந்துவிடும். கண் திறந்தபடியே இருக்கலாம், கடைசியாக ஒன்றிரண்டு மூச்சு இழுத்ததுபோல வரலாம், மூத்திரம் போகலாம். அதெல்லாம் உடம்பு மட்டும் செய்வது, அவளுக்கு எதுவும் தெரியாது. முன்கூட்டியே சொல்லிவைக்காததால் அந்த நேரத்தில் பயந்துபோன வீடுகளைப் பார்த்திருக்கிறேன், அதனால் எழுதுகிறேன். வீராவுக்கு நானே போட்டேன். கொல்லையில் வேப்பமரத்தடியில், அவன் எப்போதும் மண்ணைப் பறித்துக்கொண்டு படுக்கிற குழியில் படுக்கவைத்துத்தான் போட்டேன்.

அந்த நாள் இன்னும் வரவில்லை. பொம்மி சாப்பிடுகிறாள், ஓடுகிறாள். வருகிற திங்கட்கிழமை வேப்பேரி போவதாகச் சொன்னீர்கள். புறநோயாளிப் பிரிவில் காலையிலேயே சீட்டு எடுத்துவிடுங்கள். உங்கள் டாக்டர் எடுத்த ஸ்லைடும் ரிப்போர்ட்டும், தண்ணீர் அளந்த கணக்கும் கையில் இருக்கட்டும். காலையில் சாப்பாடு கொடுக்கலாமா என்று முதல்நாளே போனில் கேட்டுவிடுங்கள், ஸ்கேன் எடுப்பதாக இருந்தால் வெறும் வயிறு வேண்டியிருக்கும். கழுத்து பெல்டைக் கழற்றிவிட்டு, மார்போடு சேர்த்துக் கட்டுகிற பட்டையை மாட்டிக் கூட்டிக்கொண்டு போங்கள், கட்டியை அழுத்தாது. பழைய பெல்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். முதல் ஊசி போட்ட இரண்டாவது வாரம் அதை மாட்டிப் பார்த்து, எந்த ஓட்டையில் ஏறுகிறது என்று எனக்கு எழுதுங்கள்.